வந்து வந்து போகும் மஞ்சள் விளக்கு

எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஏ.பி.எஸ். விளக்கு பெரிய தலைவலி அல்ல. எங்கேயோ ஒன்று அறுந்திருக்கிறது, அல்லது செத்துப்போயிருக்கிறது. ஸ்கேனரை மாட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். ஆளைப் படுத்துவது வந்து வந்து போகிற விளக்குதான். பட்டறைக்குக் கொண்டுபோனால் அன்றைக்கென்று எரியாது. "நல்லாத்தானே சார் இருக்கு" என்று மெக்கானிக் அனுப்பிவைப்பார். வீட்டுக்குத் திரும்பும்போது மூலக்கடை மேம்பாலத்தில் ஏறியதும் மறுபடி எரியும்.

இந்த அத்தியாயம் வடசென்னையில் எம்.கே.பி. நகர், வியாசர்பாடி, கொடுங்கையூர், ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பத்துப் பதினைந்து வருடக் காரை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கானது. ஊரைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே மாடல், ஒரே வருடத்து வண்டி கோயம்புத்தூரில் ஓடியிருந்தால் அதன் சக்கரத்தடியில் இருக்கும் இரும்பு வேறு மாதிரி இருக்கும். இங்கே கடற்காற்றில் உப்பு வருகிறது. காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிவரும் வண்டிகள் ஐஸ் தண்ணீரைச் சாலையெல்லாம் சிந்திக்கொண்டு போகின்றன. அதுவும் உப்புத் தண்ணீர்தான். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பும், தெருக்களில் சக்கரம் பாதி மூழ்கத் தண்ணீர் நிற்கும். கன்டெய்னர் லாரிகள் கிழித்துப்போட்ட சாலையில் மீதிக்காலம் முழுவதும் குலுங்கல். சக்கரத்தின் வேகத்தை அளக்கும் ஏ.பி.எஸ். சென்சாரும் அதன் வயரும் இருப்பது சக்கரத்துக்குப் பின்னால், இதெல்லாம் நேராகப் போய் அடிக்கும் இடத்தில். ஆகவே இந்தப் பக்கத்துப் பழைய காரில் விளக்கு வந்து வந்து போனால் முதலில் துருவையும் தண்ணீரையும் வயரையும் சந்தேகப்படுங்கள். ஆயிரக்கணக்கில் விலை சொல்லப்படும் ஏ.பி.எஸ். மாட்யூல் கடைசியில் வரட்டும்.

இந்தியாவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முன்னால் வந்த வண்டிகளில் பெரும்பாலும் மேல் ரகத்துக்கு மட்டும் கொடுத்தார்கள். 2005இல் வந்த ஸ்விஃப்டில்கூட அப்படித்தான். அதாவது, உங்கள் பழைய காரில் அது இருக்கிறது என்றால் யாரோ கூடுதல் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். பல்பைக் கழற்றிவிட்டு மறந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு சொல்வது என்ன

மஞ்சள் விளக்கு எரிந்தால், பலமாக மிதிக்கும்போது சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். கம்ப்யூட்டர் தன்னைத் தானே அணைத்துக்கொண்டது என்று அர்த்தம். சாதாரண பிரேக் வேலை செய்யும். பலமாக மிதித்தால் பழைய அம்பாசடர் போலச் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நிதானமாக ஓட்டி வீடு வந்து சேரலாம்.

மஞ்சளுடன் சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதையே வேறு. பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பங்கிடும் ஏற்பாடும் நின்றுபோயிருக்கலாம். பின் சக்கரம் முதலில் பூட்டினால் வண்டியின் வால் சுற்றிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், ஓரமாக நிறுத்தி ஆயில் டப்பாவைப் பாருங்கள். பெடல் ஆழமாக இறங்கினால் அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

சரியாக இருக்கும் வண்டியில் சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு எரிந்து, இரண்டு மூன்று விநாடியில் அணையும். அந்த நேரத்துக்குள் கம்ப்யூட்டர் நான்கு சென்சார்களுக்கும் போகும் வயர்கள் அறுந்திருக்கிறதா, பாடியில் ஒட்டுகிறதா என்று பார்த்துவிடுகிறது. வண்டி நகர்ந்து பத்து இருபது கிலோமீட்டர் வேகம் வந்ததும் பல மாடல்களில் பம்ப் மோட்டாரை ஒரு முறை சுழற்றிப் பார்க்கும். காலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினால் "கர்ர்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அதன்பிறகு ஓடும் நேரமெல்லாம் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

சாவி திருப்பியதும் விளக்கு எரியவே இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள். யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள், அல்லது அந்த வயரை வேறொரு விளக்கோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். பழைய கார் வாங்கப் போகும்போது இந்த இரண்டு விநாடி பரிசோதனையை மறக்கக்கூடாது.

எப்போது எரிகிறது?

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வாரம் குறிப்பு எடுங்கள். ஓட்டிக்கொண்டே எழுத வேண்டாம். பக்கத்தில் உட்காருபவரிடம் சொல்லுங்கள், அல்லது போனில் குரலாகப் பதியுங்கள். விளக்கு வந்த நேரத்தில் வேகம் என்ன, நேராகப் போனீர்களா திரும்பினீர்களா, எந்தப் பக்கம், பிரேக்கில் கால் இருந்ததா, குழியில் விழுந்து எழுந்ததா, மழையா, ஹெட்லைட்டும் ஏசியும் ஓடினவா, எஞ்சின் சூடா. எஞ்சினை அணைத்துப் போட்டதும் விளக்கு போய்விட்டதா என்பதும் வேண்டும். ஸ்கேனரால் இதைச் சொல்ல முடியாது. பிழை எந்தச் சக்கரத்தில் என்று அது சொல்லும். வயரா, பேரிங்கா, துருவா என்பதை அந்தக் குறிப்புதான் காட்டிக்கொடுக்கும்.

வண்டி நகராமலே, சாவி போட்டவுடன் சில நாள் எரிகிறது, சில நாள் இல்லை என்றால் மின்சுற்றில் எங்கோ பட்டும் படாமலும் இருக்கிறது. வயர், கப்ளர், எர்த், ஃபியூஸ் இவற்றைப் பாருங்கள். நகர்ந்து இருபது முப்பது கிலோமீட்டர் வேகம் வந்தபிறகுதான் எரிகிறது என்றால் வயர் முழுதாக இருக்கிறது, ஆனால் ஒரு சக்கரத்திலிருந்து சரியான துடிப்பு வரவில்லை: சென்சாரின் முனை, பல் வளையம், பேரிங். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடிக்கும்போது மட்டும் என்றால் முன் சக்கரத்து வயர் மடங்கும் இடத்தில் உள்ளே அறுந்திருக்கிறது, அல்லது பேரிங் ஆடுகிறது. இதைச் சோதிக்க எம்.கே.பி. நகர் தோதான இடம். குறுக்குத் தெருக்கள் கட்டம் கட்டமாக இருப்பதால் இடது பக்கமாகவே நாலு திருப்பம், பிறகு வலது பக்கமாகவே நாலு திருப்பம் என்று மெதுவாகச் சுற்றி வரலாம். எந்தத் திருப்பத்தில் எரிகிறது என்று ஒரு மாலை நேரத்தில் தெரிந்துவிடும்.

மழையன்று எரிந்து, வெயில் காய்ந்ததும் போனால் கப்ளருக்குள் தண்ணீர். இரவில் ஹெட்லைட், ஏசி, வைப்பர் மூன்றும் ஓட, எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது எரிந்தால் சக்கரத்தின் பக்கமே போகவேண்டாம். பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். மேம்பாலம் ஏறும்போதோ, சரிவில் நிற்கும்போதோ, சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து மின்னி மறைந்தால் பிரேக் ஆயில் மட்டம் விளிம்பில் இருக்கிறது. சரிவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது மிதவை இறங்கிவிடுகிறது. ஆயிலை ஊற்றி மூடிவிட்டால் போதாது. பிரேக் பேட் தேய்ந்தாலும் மட்டம் குறையும், எங்காவது ஒழுகினாலும் குறையும். எது என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

இன்னொரு அறிகுறி இருக்கிறது, இதில் விளக்கே எரியாது. சிக்னலில் மெதுவாக நிற்கப்போகும்போது, காய்ந்த சாலையில், பெடல் காலடியில் துடிக்கும். வண்டி நினைத்த இடத்தைத் தாண்டி ஒரு முழம் நகர்ந்து நிற்கும். பலர் இதை பிரேக் டிஸ்க் கோணல் என்று நினைத்து டிஸ்க்கை லேத்துக்குக் கொடுக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒரு சக்கரத்தின் சிக்னல் பலவீனமாகி, குறைந்த வேகத்தில் காணாமல் போவது. சக்கரம் பூட்டிவிட்டது என்று கம்ப்யூட்டர் நம்பி பிரேக்கைத் தளர்த்துகிறது. முன்னால் லாரி நிற்கும்போது இது விளையாட்டல்ல. விளக்கு எரியாவிட்டாலும் இதை முதல் தரப் பழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். சரிசெய்யும்வரை ஏ.பி.எஸ். ஃபியூஸைக் கழற்றிவிட்டு விளக்கு எரியவே மெதுவாக ஓட்டுவது மேல் என்பது என் கருத்து. அப்போது பிரேக் குறைந்தபட்சம் சொன்னபடி கேட்கும். சில மாடல்களில் அந்த ஃபியூஸைக் கழற்றினால் சிவப்பும் எரியும், பிரேக் பங்கீடும் நின்றுவிடும். அப்படியானால் திரும்ப மாட்டிவிட்டு நேராகப் பட்டறைக்குப் போங்கள்.

பைசா செலவில்லாதவை

பேட்டரி டெர்மினலில் வெள்ளைப் பூ பூத்திருக்கிறதா? எஞ்சின் நிற்கும்போது, இரவு முழுக்க விட்டபிறகு, மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில். எல்லா விளக்கையும் ஏசியையும் போட்ட பிறகு 13க்குக் கீழே போனால் அங்கேயே நில்லுங்கள், அதுதான் பழுது. பிறகு எர்த். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறு முனையை ஏ.பி.எஸ். மாட்யூலின் எர்த் போல்ட்டிலும் வைத்து, எஞ்சின் ஓட, விளக்குகள் எரியப் பாருங்கள். பத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி இறுக்குங்கள். பின்னால் சேர்த்த ஹார்ன், எல்.இ.டி. பட்டை, ரிவர்ஸ் கேமரா இவற்றின் எர்த் வயரை யாராவது அதே போல்ட்டில் கொண்டுபோய் முடிந்திருந்தால் அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

நான்கு டயரின் பக்கவாட்டு எண்களைப் படியுங்கள். ஒன்று மட்டும் வேறு அளவு என்றால், அல்லது சிறிய அளவு ஸ்டெப்னியைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தால், அந்தச் சக்கரம் மற்றவற்றிலிருந்து மாறுபட்ட வேகத்தில் சுற்றும், கம்ப்யூட்டர் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளலாம். காற்றையும் பாருங்கள். இரவில் வண்டியின் பின்புறம் சுவரைப் பார்க்க நிறுத்தி, பிரேக்கை மிதித்து, பின் விளக்கு ஒவ்வொரு முறையும் எரிகிறதா என்று பாருங்கள். பெடல் சுவிட்ச் கெட்டாலும் சில வண்டிகளில் இந்த விளக்கு வரும்.

எலியையும் மறக்க வேண்டாம். பெருச்சாளி நம் பக்கத்தில் பானெட்டுக்குள் குடித்தனமே நடத்தும். புழுக்கையோ, கடித்துப்போட்ட பஞ்சோ கண்ணில் பட்டால் மாட்யூல் பக்கத்து வயர்களை விரலால் தடவிப் பாருங்கள். வெளித்தோல் போய், தாமிரம் தெரிந்தும், இன்னும் அறுபடாமல் இருக்கும் வயர், குலுங்கும்போது மட்டும் விளக்கை எரிய விடும்.

ஸ்கேனர் எதற்கு, எதற்கு அல்ல

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வரும் புளூடூத் ரீடர்களில் பல எஞ்சின் பிழைகளை மட்டும் படிக்கும், ஏ.பி.எஸ்.ஸைத் தொடாது. பிழையில்லை என்று அது காட்டினால் நம்பாதீர்கள். உங்கள் கம்பெனி வண்டியின் ஏ.பி.எஸ். பகுதிக்குள் போகக்கூடிய ஸ்கேனர் உள்ள பட்டறையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் முதல் நிபந்தனை: பிழையை அழிக்கும் முன் திரையைப் படம் பிடிக்க வேண்டும். நிறைய இடத்தில் பழக்கதோஷத்தில் முதலில் அழிப்பு பட்டனைத்தான் அழுத்துகிறார்கள். ஒரு வாரக் குறிப்பின் மறுபாதி அதோடு போய்விடும். இரண்டாவது, "முன் இடது சென்சார்" என்று திரையில் வந்தால் சென்சாரை வாங்க ஓடாதீர்கள். அந்தப் பிழைக்கு, முன் இடது சக்கரத்திலிருந்து மாட்யூல்வரை வரும் சுற்றில் எங்கோ கோளாறு என்றுதான் பொருள். சென்சாரும் அதில் ஒன்று, அவ்வளவே.

ஸ்கேனரின் உண்மையான பயன் ஓடும்போதுதான். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின் சீட்டில் உட்கார்ந்து நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒரே திரையில் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது. நேர்ச்சாலையில் நாலும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். நிற்கப்போகும்போது மற்ற மூன்றும் எட்டு, ஏழு, ஆறு என்று இறங்க, ஒன்று மட்டும் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் அதுதான் உங்கள் ஆள்.

வண்டி நிற்கும்போதும் ஒரு சோதனை செய்யலாம். பிழையை அழித்துவிட்டு, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, உதவியாளரைத் திரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, சந்தேகச் சக்கரத்து வயரைச் சென்சாரிலிருந்து மேலே விரல் விரலாக மடக்கிக்கொண்டே போங்கள். பாதியில் விளக்கு வந்தால் உங்கள் விரலுக்கடியில் இருக்கிறது அறுந்த இடம். வயர் கிளிப்புக்குள் நுழையும் இடமும், ஷாக் அப்சார்பரிலிருந்து பாடிக்குத் தாவும் இடமும்தான் அதிகம் அறுபடுபவை. வெளியே ரப்பர் முழுதாக இருக்கும், உள்ளே தாமிரம் போயிருக்கும்.

சக்கரத்தடியில்

சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக்கூடாது.

சென்சாரில் இரண்டு ஜாதி. பழையது காயில் வகை: காந்தமும் செம்புச் சுருளும், எதிரே பல் வைத்த இரும்பு வளையம். பல் கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு. வளையத்தில் 48 பல் என்று வைத்துக்கொண்டால், சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.9 மீட்டர் நகரும் வண்டியில், 20 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 140 துடிப்பு. மெதுவாகச் சுற்றினால் துடிப்பு வலுவிழக்கும். ஐந்து கிலோமீட்டருக்குக் கீழே இந்த வகைக்குக் கண் தெரியாது. புதியது ஹால் வகை: மாட்யூலிலிருந்து மின்சாரம் வாங்கி வேலை செய்யும், நிற்கும்வரை வேகம் சொல்லும். இதற்குப் பல வண்டிகளில் பல் வளையமே கிடையாது. பேரிங்கின் சீலுக்குள்ளேயே காந்தப் பட்டை இருக்கும்.

காயில் வகையைக் கப்ளரில் கழற்றி, மீட்டரில் ஓம் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 800க்கும் 2000க்கும் இடையில் ஏதோ ஒரு எண் வரும். எண்ணைவிட முக்கியம் இடதும் வலதும் ஒத்துப்போவது. ஒரு பக்கம் 1100, மறு பக்கம் 1900 என்றால் சந்தேகப்படுங்கள். இரண்டு பின்னுக்கும் பாடிக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. பிறகு மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, நொடிக்கு ஒரு சுற்று வேகத்தில் சக்கரத்தைக் கையால் சுற்றினால் பத்தில் ஒரு வோல்ட்டாவது வரவேண்டும். இங்கும் மறு பக்கச் சக்கரத்தோடு ஒப்பிடுங்கள்.

ஹால் வகையில் ஓம் பார்க்காதீர்கள். அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை, சென்சாரும் கெடலாம். சென்சாரைக் கழற்றிவிட்டு, சாவி போட்டு, வயரிங் பக்கத்துக் கப்ளரில் மின்சாரம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். மற்றதை ஸ்கேனர் திரையில் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வகையானாலும் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். எலக்ட்ரீஷியன் ஊசி முனை டெஸ்ட் லாம்பால் வயரின் தோலைக் குத்திப் பார்க்க விடாதீர்கள். லாம்பு இழுக்கும் மின்சாரமே இந்தச் சுற்றுக்கு ஆகாது. அதைவிட மோசம் அந்த ஓட்டை. நம் ஊர்க் காற்றில் அதன் வழியாக உப்புத் தண்ணீர் இறங்கி, தாமிர இழைகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறிப் போகும். குத்தின இடத்திலிருந்து ஓரடி தள்ளி, ஆறு மாதம் கழித்து, வயர் பச்சைப் பொடியாக உதிரும். அப்போது யாருக்கும் காரணம் ஞாபகம் இருக்காது.

துரு செய்யும் வேலை

சென்சார் உட்காரும் துளையின் அடியில் துரு வளர்ந்தால் அது சென்சாரை மெல்ல மேலே தள்ளும். சென்சார் முனைக்கும் பல்லுக்கும் இருக்கும் இடைவெளி சாதாரணமாக ஒரு மில்லிமீட்டர் பக்கம்தான். அது கொஞ்சம் கூடினாலே காயில் வகையின் துடிப்பு பாதியாகிவிடும். மேலே சொன்ன, சிக்னலில் பெடல் துடிக்கும் கோளாறின் பிறப்பிடம் இதுவே. 2005இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் இதே காரணத்துக்காக, 1999 முதல் 2002 வரையிலான தன் பிக்கப் வண்டிகளையும் பெரிய கார்களையும் லட்சக்கணக்கில் திரும்ப அழைத்தது. பனி உருகச் சாலையில் உப்பு தூவும் மாநிலங்களில் ஓடியவற்றை மட்டும். அங்கே உப்பை லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். எண்ணூர் விரைவுச்சாலையில் நமக்கு அது இலவசம்.

சரிசெய்வது கைவேலைதான், பணவேலை அல்ல. சென்சாரைக் கழற்ற வேண்டும். பத்து வருடத் துருவில் அது சுலபத்தில் வராது. முதல் நாளே துருநீக்கி தெளித்து ஊறவிடுங்கள், முறுக்கி இழுக்காமல் இடவலமாக அசைத்து எடுங்கள். பிளாஸ்டிக் உடைந்துவிடும் வாய்ப்பு உண்டு என்று தெரிந்தே தொடங்க வேண்டும், ஆகவே புது சென்சார் எங்கே கிடைக்கும் என்று முன்பே விசாரித்துவிடுங்கள். உட்காரும் முகத்தைச் சுரண்டி, உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து, மெல்லிய கிரீஸ் பூசி மாட்டுங்கள். முனையில் மீசை போல ஒட்டியிருக்கும் இரும்புத் தூளைத் துணியால் துடைத்துவிடுங்கள். லேத்துப் பட்டறை வரிசையில் தினமும் நிறுத்தப்படும் வண்டிகளில் இந்த மீசை நன்றாகவே வளரும்.

பல் வளையத்தை டார்ச் அடித்து ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். டிரைவ் ஷாஃப்டில் இறுக்கி ஏற்றிய வளையம் என்றால் அடியில் துரு பருத்து வளையத்தை வெடிக்க வைத்திருக்கும். மயிரிழை விரிசலாகத் தெரியும். விரிசல் இடத்தில் பல்லிடைவெளி மாறுவதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு தப்பும். அரால்டைட் வைத்து ஒட்டிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த மழைவரை தாங்கும். வெல்டிங் வைத்தால் பக்கத்து ரப்பர் பூட்டும் கிரீஸும் போய்விடும். வளையம் தனியாகக் கிடைத்தால் அதே பல் எண்ணிக்கையில் வாங்கிப் போடுங்கள். பல் எண்ணிக்கை மாறினால் விளக்கு மறுபடி வரலாம்.

பேரிங் மாற்றியபிறகுதான் விளக்கு வர ஆரம்பித்தது என்றால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: காந்தப் பட்டை உள்ள பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டார்களா? இரண்டு பக்கமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒரு சின்ன ஜெம் கிளிப்பைக் காட்டினால் காந்தப் பக்கத்தில் லேசாக ஒட்டும், மறு பக்கத்தில் ஒட்டாது. காந்தப் பக்கம்தான் சென்சாரைப் பார்த்து இருக்கவேண்டும். ஸ்பீக்கர் காந்தம் போன்ற வலுவானதைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம், பட்டையில் எழுதியிருப்பது அழிந்துவிடும். பேரிங் பழசாகி ஆடினாலும் இதே கதை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தட்டும், ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் விமானம் போல் இரையும்.

தண்ணீர் புகுந்த வண்டிகள்

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் நின்ற கார்களில் பல, எஞ்சினும் இருக்கையும் காய்ந்ததும் ஓட ஆரம்பித்துவிட்டன. கப்ளர்களை யாரும் திறந்து பார்க்கவில்லை. அப்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தில் எண்ணெயும் கலந்து வந்தது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக்கில் இருக்கும் ரப்பர் வகைகள் ஊதிப்போகும். அப்படிப்பட்ட தண்ணீரில் நின்ற வண்டி என்றால் சக்கரத்தருகே உள்ள ரப்பர் உறைகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

கப்ளரைத் திறந்ததும் பின்களில் பச்சையோ வெள்ளையோ தெரிந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, முழுக்கக் காயவிடுங்கள். பெட்ரோல் வேண்டாம். பெண் பின்கள் வாயகன்று போயிருந்தால் சுத்தம் செய்தும் பயனில்லை; பின் மாற்ற வேண்டும். மூடும் முன் ரப்பர் வளையத்தில் சிலிக்கான் கிரீஸைத் தொட்டுப் பூசுங்கள், அள்ளி அப்ப வேண்டாம். வாட்டர் சர்வீஸ் விடும்போது சக்கர உள்பக்கத்துக் கப்ளரை நேராகப் பார்த்துப் பீய்ச்ச வேண்டாம் என்று அங்கே இருக்கும் தம்பியிடம் சொல்லிவையுங்கள்.

அறுந்த வயரை ஒட்டுவதில் ஒரு நுணுக்கம். சென்சாரின் இரண்டு வயர்களும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடுகிற இடங்கள் உண்டு. பக்கத்து வயர்களின் இரைச்சல் ஏறாமலிருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒட்டியபின் அந்த முறுக்கைத் திரும்பப் போடுங்கள். இரண்டு இணைப்பும் நேருக்கு நேர் வராமல் ஓரங்குலம் தள்ளி இருக்கட்டும். சால்டர் வைத்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சுருக்குங்கள். கறுப்பு டேப் மட்டும் சுற்றினால் ஒரு கோடையில் பசை உருகி அவிழ்ந்துவிடும். வயர் மடங்கும் இடத்திலேயே அறுந்திருந்தால் ஒட்டாதீர்கள், மறுபடி அங்கேயே அறும். சென்சாரை வயரோடு மாற்றுங்கள்.

துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காற்று பிரேக் உள்ள கனரக வண்டிகளிலும் பல வருடங்களாக ஏ.பி.எஸ். உண்டு. அவற்றில் பலவற்றில் சென்சார் போல்ட்டில் நிற்பதில்லை, ஒரு ஸ்பிரிங் புஷ்ஷின் பிடியில் நிற்கிறது. சக்கரப் பேரிங் ஆடினால் வளையமே சென்சாரைப் பின்னால் தள்ளிவிடும். பேரிங்கைச் சரிசெய்துவிட்டு சென்சாரைக் கையால் வளையத்தில் முட்டும்வரை தள்ளினால் போதும். சக்கரம் சுற்றும்போது தேவையான இடைவெளியை அதுவே எடுத்துக்கொள்ளும். சுத்தியலால் தட்ட வேண்டாம்.

கடைசி சந்தேகம்

இத்தனையும் பார்த்தபிறகு, பிழை பம்ப் மோட்டார் என்றோ வால்வு ரிலே என்றோ வந்தால், அதுவும் வண்டி சூடேறி அரை மணி கழித்து எரிந்து, ஆறியதும் போனால், அப்போது மாட்யூலைச் சந்தேகிக்கலாம். உள்ளே சால்டர் இணைப்பு விரிசல் விட்டிருக்கும். எலக்ட்ரானிக் பகுதியை மட்டும் கழற்றி, திறந்து, மறுபடி சால்டர் செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். புதிது வாங்குவதற்கு முன் அவர்களிடம் காட்டுங்கள். புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். மேலே ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். "இதே மாதிரிதான் சார்" என்பது போதாது. சில வண்டிகளில் ஸ்கேனரால் பதிவு செய்தால்தான் அது வேலை செய்யும். பிரேக் பைப்பைக் கழற்றி முழு மாட்யூலையும் மாற்றினால், உள்ளே மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்றப் பல மாடல்களில் ஸ்கேனரை வைத்துப் பம்பை ஓட்ட வேண்டியிருக்கும். அந்த வசதி இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்து பிழையை அழித்தபிறகும் விளக்கு உடனே அணையாமல் இருக்கலாம். பல வண்டிகளில் இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி, சக்கரங்கள் ஒழுங்காகச் சுற்றுகின்றன என்று பார்த்தபிறகே அணையும். பழைய குறிப்பில் எந்தச் சூழ்நிலையில் எரிந்ததோ அதே சூழ்நிலையை உருவாக்கிப் பாருங்கள்: அதே திருப்பம், அதே இரவு விளக்குகள், அதே மேம்பாலம். பிறகு ஞாயிறு விடியற்காலை, பின்னால் யாரும் வராத நேர்ச்சாலையில், முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை ஒரே மிதியாக மிதியுங்கள். பெடல் துடிக்க, வண்டி நேராக நிற்க வேண்டும். கன்டெய்னர் லாரி ஓடும் சாலையில் இந்தச் சோதனை வேண்டாம். வடகிழக்குப் பருவமழையின் முதல் பெரிய மழை முடிந்த மறுநாள், சுத்தம் செய்த கப்ளரை இன்னொரு முறை திறந்து பாருங்கள். ஈரம் இருந்தால் சீல் ரப்பரை மாற்றியாக வேண்டும்.